துயருறும் தோழனை அறிதலும் துணை நிற்றலும்



விடுதியில் நம்முள் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டால் என்ன செய்கிறோம்? அறைத் தோழன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறான். அடுத்த அறைக்காரன் மாத்திரை தேடிக் கொண்டு வருகிறான். இன்னொருவன் மெஸ்ஸில் சொல்லிக் கிச்சடி வாங்கி வருகிறான். காய்ச்சல் தணியவில்லை என்றால், நள்ளிரவானாலும் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோம். இவற்றை எந்தப் பேராசிரியரும் நமக்கு வகுப்பில் கற்பித்ததில்லை. வீட்டில் தாய் செய்ததைப் பார்த்துப் பழகியிருக்கிறோம், அவ்வளவுதான்.

அதே தோழன் பத்து நாளாக உறங்கவில்லை, மெஸ்ஸுக்கு வரவில்லை, வகுப்புக்கும் செல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். அப்போது என்ன செய்கிறோம்? "விடு, அவன் சுபாவம் அப்படி" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறோம். இதற்குக் காரணம் அன்பின்மை அன்று, அறியாமையே. காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்த நமக்கு, உள்ளத்தின் கொதிப்பைத் தொட்டுப் பார்க்கத் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொள்வதற்காகவே இக்கட்டுரை.

நான் மருத்துவன் அல்லேன். டில்லியில் சமூகப் பணி பயிலும் மாணவன். விடுதியில் ஒரு தளத்தின் பொறுப்பை மூன்று ஆண்டுகளாகப் பார்த்து வருகிறவன். படித்ததையும் பழகி அறிந்ததையும் பாடம்போல் வரிசைப்படுத்தித் தருகிறேன். 'தோழன்' என்று நான் எழுதும் இடங்களிலெல்லாம் தோழியையும் சேர்த்தே கொள்க.

துன்பத்தின் அளவு

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். அவர்களுள் மாணவர்கள் 13,044 பேர். நாளொன்றுக்குச் சராசரியாக முப்பத்தைந்து மாணவருக்கு மேல் என்று ஆகிறது. ஒரு வகுப்பறை முழுவதும் ஒவ்வொரு நாளும் காலியாவதை எண்ணிப் பாருங்கள். உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், 15 முதல் 29 வயது வரை உள்ளோரின் இறப்புக் காரணங்களில் தற்கொலை மூன்றாவது இடத்தில் இருப்பதாக 2021-ஆம் ஆண்டின் நிலையை ஆராய்ந்த உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இந்த எண்களை அச்சுறுத்துவதற்காக எடுத்துரைக்கவில்லை. இது எங்கோ யாருக்கோ நேர்வது அன்று, நம் வயதினருக்கு நேர்வது என்பதை உணரவே கூறினேன். இதனுடன் மற்றோர் உண்மையையும் மறக்கலாகாது. சாக வேண்டும் என்று ஒரு காலத்தில் எண்ணியவர்களுள் மிகப் பெரும்பாலோர் அந்த எண்ணத்தைக் கடந்து வாழ்கிறார்கள். கடக்கும் வரை உடன் ஒருவர் இருந்தாரா என்பதே பல நேரங்களில் வேற்றுமை.

காரணம் ஒன்று அன்று

ஒரு மாணவன் இறந்துவிட்டால் மறுநாளே வளாகத்தில் காரணம் ஒன்றைக் கண்டுபிடித்துவிடுகிறோம். "தேர்வில் தோற்றான்", "காதலில் தோற்றாள்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறோம். தேர்வில் தோற்றவர் இலட்சக்கணக்கானோர். அவர்களுள் பெரும்பாலோர் மறுமுறை எழுதித் தேறி நம்மிடையே வாழ்கின்றனர். ஆதலின் தோல்வி ஒன்றே காரணம் ஆகாது. மனச்சோர்வு நோய், மதுப்பழக்கம், கடன், அவமானம், தனிமை, குடும்பத் துயரம் ஆகியவற்றுள் பல ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய சுமையின்மீது, கடைசியில் ஒரு சிறு தோல்வி வந்து விழுகிறது. நம் கண்ணுக்குத் தெரிவது அந்தக் கடைசித் துரும்பு மட்டுமே.

பிரெஞ்சு நாட்டுச் சமூகவியல் அறிஞர் எமில் தர்கைம் 1897-இல் தற்கொலையைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். மனிதனைச் சமூகத்தோடு பிணைக்கும் கயிறுகள் தளரும்போது இவ்வாபத்து மிகுகிறது என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. அமெரிக்க உளவியலார் தாமஸ் ஜாய்னர் 2005-இல் இரண்டு உணர்ச்சிகளைச் சுட்டினார். 'நான் யாரையும் சேர்ந்தவன் அல்லேன்' என்பது ஒன்று. 'நான் மற்றவர்க்குப் பாரமாக இருக்கிறேன்' என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒருவர் உள்ளத்தில் ஒன்றுசேரும்போது சாவின் மேல் விருப்பம் பிறக்கிறது என்பது அவர் கொள்கை.

இவற்றை நம் நிலைமையோடு பொருத்திப் பாருங்கள். ஒரு மாணவன் திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வருகிறான். அவன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் அவனே. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் பயணம் செய்து இங்கே வந்து இறங்குகிறான். இந்தி தெரியாது, ஆங்கிலத்தில் பேச நாக்கு எழாது. ஊரில் முதல் மாணவன். இங்கே வகுப்பில் கடைசி வரிசை. அவன் பேச்சைக் கேட்டுச் சிலர் சிரிக்கின்றனர். அவன் சாதியையும் ஒதுக்கீட்டையும் குத்திக் காட்டிச் சிலர் பேசுகின்றனர். டிசம்பர் மாதக் குளிரில் சூரியனையே காணாத நாட்கள். வீட்டிலோ அவன் கல்விக்காக வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. தொலைபேசியில் தாய், "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்கிறாள். "சாப்பிட்டேன்மா" என்கிறான்; சாப்பிடவில்லை. சேர்ந்தவர் எவரும் இல்லை என்பதும், வீட்டுக்குப் பாரமாகிவிட்டோம் என்பதும் ஒருங்கே அவனை அழுத்துகின்றன. இவனைப் போன்றவன் நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஒரு மூலையில் நின்று பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பான். நாம் அவன் பெயரைக் கேட்டோமா?

மூன்று பொய்கள்

உதவி செய்வதற்கு முன், உதவியைத் தடுக்கும் மூன்று பொய்யான எண்ணங்களைக் களைய வேண்டும்.

முதலாவது: 'சொல்லிக்கொண்டிருப்பவன் செய்யமாட்டான்.' இது தவறு. அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரில் எலி ராபின்ஸ் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் தற்கொலையால் இறந்த 134 பேரின் உறவினரையும் நண்பரையும் சந்தித்து ஆராய்ந்து, 1959-இல் முடிவை வெளியிட்டனர். இறந்தோருள் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேற்பட்டோர் தம் எண்ணத்தை முன்னரே ஏதேனும் ஒரு வகையில் பிறரிடம் வெளிப்படுத்தியிருந்தனர். சொன்னார்கள், கேட்டவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆதலின் சொல்லை மிரட்டல் என்று ஒதுக்காமல், உதவி கேட்கும் குரலாகக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது: 'அதைப் பற்றிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டியது போல் ஆகிவிடும்.' நல்லவர்கள் பலரையும் வாய்மூடச் செய்வது இந்த அச்சமே. நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றி வினவினர். வினவப்பட்டவர்க்கு மனத்துயரமோ அந்த எண்ணமோ மிகவில்லை. முன்பே சோர்வுற்றிருந்தவர்களுக்கோ வினவியதனால் மனம் சிறிது இலேசாகியது போலவே தோன்றியது. இம்முடிவு 2005-இல் வெளிவந்தது. கேள்வி நஞ்சு அன்று. அது கதவைத் திறக்கும் சாவி.

மூன்றாவது: 'முடிவு செய்துவிட்டவனைத் தடுக்க முடியாது, இன்று தடுத்தால் நாளை செய்வான்.' சாகத் துணிந்து சென்று கடைசி நொடியில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரின் பிற்கால வாழ்க்கையை அமெரிக்க ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் சைடன் பல்லாண்டுக் காலம் பின்தொடர்ந்து 1978-இல் எழுதினார். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் உயிரோடிருந்தனர். அல்லது இயற்கையாக இறந்திருந்தனர். உயிரை விடத் துணியும் வேகம் அலை போன்றது. எழும், பின் தணியும். அலை தணியும் வரை கரையில் பிடித்து வைத்திருப்பதே நம் வேலை.

அறிகுறிகள்

அறிகுறிகளை நான்கு வகையாகப் பிரித்து நினைவில் கொள்ளலாம்: சொல், செயல், உள்ளநிலை, சூழ்நிலை.

*சொல்:* "சாகலாம் போலிருக்கிறது" என்று நேரே சொல்வோர் உண்டு. வளைத்துச் சொல்வோரே மிகுதி. "நான் இல்லையென்றால் யாருக்கு என்ன நஷ்டம்?" "இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் உங்களுக்குத் தொல்லை இல்லை." "போய்ச் சேர்ந்துவிட்டால் நிம்மதி." "அப்பாவுக்கு நான் வெறும் செலவு." இத்தகைய பேச்சை நகைச்சுவையாகச் சொன்னாலும் நகைத்து விட்டுவிடாதீர்கள். நள்ளிரவில் கைப்பேசியில் வரும் பிரியாவிடை போன்ற செய்தியும், காரணமின்றிக் கேட்கும் மன்னிப்பும் இதில் அடங்கும்.

*செயல்:* உணவும் உறக்கமும் கெடுதல். அல்லது பகலெல்லாம் உறங்குதல். குளிக்காமல், துணி மாற்றாமல் இருத்தல். கிரிக்கெட், பாட்டு, நூலகம் என்று விரும்பிச் செய்தவற்றை எல்லாம் விட்டுவிடுதல். நண்பர் குழுவிலிருந்து விலகுதல். குடியும் போதையும் திடீரென மிகுதல். சாலையில் உயிரைப் பொருட்படுத்தாமல் வண்டி ஓட்டுதல். அருமையாக வைத்திருந்த நூலையோ கைக்கடிகாரத்தையோ, "நீ வைத்துக்கொள்" என்று பிறருக்குக் கொடுத்தல். சிறு கடன்களையெல்லாம் தேடித் தேடித் தீர்த்தல். தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்ட வடுக்கள். சாகும் வழிகளைத் தேடுவது எல்லாவற்றிலும் கடுமையான அறிகுறி.

*உள்ளநிலை:* துயரம் மட்டும் அன்று. காரணமற்ற சினமும், ஓரிடத்தில் இருக்க முடியாத பதற்றமும்கூட அறிகுறிகளே. இவையனைத்தினும் முதன்மையானது, 'இனி எதுவும் மாறாது' என்னும் நம்பிக்கையின்மை. ஒன்றைச் சிறப்பாகக் குறித்துக்கொள்க. பல நாள் வாடிக் கிடந்தவன் திடீரென ஒரு நாள் அமைதியாகவும் மலர்ச்சியாகவும் தோன்றினால், "அப்பாடா, தேறிவிட்டான்" என்று உடனே விலகிவிடாதீர்கள். உண்மையில் தேறியும் இருக்கலாம்; முடிவு ஒன்று எடுத்துவிட்டதால் வந்த அமைதியாகவும் இருக்கலாம். எது என்பதைக் கேட்டே அறிய வேண்டும்.

*சூழ்நிலை:* முன்பு ஒருமுறை முயன்றவர், அண்மையில் தாய் தந்தையரையோ நண்பரையோ இழந்தவர், தேர்வு முடிவு வந்த வாரம், வேலை நேர்காணல்களில் தொடர்ந்து தோற்றவர், காதல் முறிந்தவர், ராகிங்கிற்கோ சாதி இழிவிற்கோ ஆளானவர், ஆய்வு வழிகாட்டியிடம் இடர்ப்படும் ஆராய்ச்சி மாணவர், இணையச் சூதாட்டத்தில் பணம் இழந்து கடன்பட்டவர். இவர்கள்மேல் ஒரு கண் எப்போதும் இருக்கட்டும்.

இவற்றுள் ஒன்றிரண்டு நம் எல்லோரிடமும் எப்போதாவது தோன்றும். அதனால் அறிகுறிகளைப் பட்டியல் போட்டு யாருக்கும் முத்திரை குத்த வேண்டா. பார்க்க வேண்டியது மாற்றத்தை. முன்பு இருந்தவனுக்கும் இப்போது இருப்பவனுக்கும் உள்ள வேறுபாடே நமக்கு மணி அடிக்கிறது. மணி அடித்தால் போய்க் கேட்க வேண்டியது கடமை.

கேட்பது எப்படி?

கூட்டத்தில் கேட்காதீர்கள். மொட்டை மாடி வேண்டா; தனித்த, பாதுகாப்பான இடம் நல்லது. அறையில் இருவரும் உட்காரலாம்; வளாகத்துச் சாலையில் நடந்துகொண்டே பேசலாம். கைப்பேசியை ஒதுக்கி வையுங்கள். அவசரம் இல்லாத நேரமாக இருக்கட்டும். அவன் தாய்மொழியிலேயே பேசுங்கள். துயரத்தை அயல்மொழியில் பெயர்த்துச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை இவ்வூரில் வாழும் நாம் அறிவோம்.

கண்டதைச் சொல்லித் தொடங்குவது எளிது. என் தளத்தில் நான் பேசும் முறையைச் சொல்கிறேன்:

"தம்பி, ஒரு வாரமா மெஸ்ஸுல உன்னைப் பாக்கலையே. ராத்திரி மூணு மணிக்கும் உன் அறையில லைட் எரியுது. என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணா."

"ஒண்ணுமில்லன்னா சந்தோசம். இருந்தாலும் நான் இங்கதான் உட்கார்ந்திருக்கேன். அவசரம் இல்ல."

பெரும்பாலும் முதல் "ஒண்ணுமில்ல" உண்மையாக இருப்பதில்லை. அதற்குப் பின் வரும் மௌனத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் கலை. மௌனம் சங்கடமாக இருக்கிறதே என்று நாமே பேசி நிரப்பிவிட்டால், அவன் சொல்ல வந்தது உள்ளேயே போய்விடும். பேசத் தொடங்கினால், குறுக்கிடாமல் கேளுங்கள். பின்பு ஒளிவின்றிக் கேட்டுவிடுங்கள்:

"இவ்வளவு கஷ்டத்துல, செத்துடலாம்னு தோணுதா?"

இதை மென்று விழுங்காமல், குற்றம் சாட்டும் குரலில்லாமல், காய்ச்சல் அடிக்கிறதா என்று கேட்பது போலக் கேளுங்கள். "அந்த மாதிரி முட்டாள்தனம் எதுவும் நினைக்கலையே?" என்று கேட்டால், "இல்லை" என்ற விடைதான் கிடைக்கும், ஏனெனில் நாம் வேண்டுவது அந்த விடையே என்று கேள்வியிலேயே சொல்லிவிட்டோம். "ஆமாம்" என்றால், எப்போது, எப்படி என்று ஏதாவது எண்ணி வைத்திருக்கிறானா என்றும் கேளுங்கள். திட்டமும் நாளும் கருவியும் உண்டு என்றால் ஆபத்து மிக அண்மையில் இருக்கிறது. அப்போது செய்ய வேண்டியவை மூன்று: அவனைத் தனியே விடக்கூடாது, தீங்கு விளைவிக்கக்கூடிய பொருளை அவன் கைக்கெட்டாமல் அகற்ற வேண்டும், உடனே மருத்துவ உதவிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

செய்யத்தகாதவை

"உனக்கென்ன குறை? உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர்!" என்னாதீர்கள். அவன் துயரத்தோடு குற்ற உணர்ச்சியும் சேரும். "அம்மாவை நினைத்துப் பார்த்தாயா?" என்று கண்டிக்காதீர்கள். அம்மாவுக்குப் பாரமாக இருக்கிறோமே என்று எண்ணியே அவன் உருகிக்கொண்டிருக்கலாம். "கோழைகள் செய்யும் வேலை" என்னாதீர்கள்; "செய்துதான் பாரேன்" என்று சவால் விடுவது கொடுமை. அறிவுரை மழையும் வேண்டா.

"யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "தேவையற்றவர் காதில் விழாது, ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்றால் உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வேன், உனக்குத் தெரிந்தே சொல்வேன்" என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். வீட்டுக்குத் தெரிவிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். யாரிடம் சொன்னால் ஆறுதல் கிடைக்கும் என்று அவனையே கேளுங்கள். அக்காவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம். சில வீடுகளில் துயரத்தின் ஊற்றே வீடாக இருக்கும். உயிர் ஆபத்து அண்மையில் இருந்தாலோ காத்திருக்க இடமில்லை. காப்பாளருக்கும் வீட்டுக்கும் அறிவிக்கத்தான் வேண்டும்.

மற்றும் ஒன்று. முழுச் சுமையையும் நீங்கள் ஒருவரே தூக்காதீர்கள். நாம் ஆற்றைக் கடத்தி விடும் ஓடக்காரர்களே. அக்கரையில் மருத்துவர் இருக்கிறார்.

உதவி எங்கே?

முதலாவது, வளாகத்துக்கு உள்ளேயே: மனநல ஆலோசகர், விடுதிக் காப்பாளர், நம்பத்தக்க ஆசிரியர். 2025 ஜூலை 25-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் குறித்துப் பதினைந்து வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாரோ சமூகப் பணியாளரோ ஒருவரேனும் இருக்க வேண்டும் என்பதும், உதவித் தொலைபேசி எண்களை விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் பெரிய எழுத்தில் வைக்க வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். உங்கள் விடுதிச் சுவரில் அந்த எண் இல்லையெனில், கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

இரண்டாவது, தொலைபேசி: மைய அரசின் 'டெலி-மானஸ்' சேவை 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பட்டது. எண் 14416, அல்லது 1800-89-14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். மொழியைத் தேர்ந்துகொள்ளும் வசதி உண்டு, தமிழிலும் பேசலாம். டில்லியில் இருக்கும் தமிழ் மாணவனுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் நிறுவிய 'ஸ்நேகா' என்னும் தன்னார்வ அமைப்பின் எண் 044-24640050. விடுமுறையில் ஊருக்குச் சென்றிருக்கும்போது தமிழ்நாட்டு அரசின் 104 என்னும் சுகாதார எண்ணையும் அழைக்கலாம். ராகிங் கொடுமைக்கெனத் தனி எண் உண்டு: 1800-180-5522.

மூன்றாவது, மருத்துவமனை: டில்லியில் தில்ஷாத் கார்டனில் 'இஹ்பாஸ்' என்னும் அரசு மனநல நிறுவனம் இருக்கிறது, எய்ம்ஸ் மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மனநல மருத்துவமனையைத் தேடி அலைய வேண்டா. அருகில் உள்ள எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் கொண்டு செல்லலாம், 112-ஐ அழைக்கலாம்.

"ஆலோசகரிடம் போ" என்று சொல்லி அனுப்பிவிட்டால் வேலை முடிந்ததாகாது. உடன் செல்லுங்கள். வாயிலில் காத்திருங்கள். இந்தி வராது என்றால் அவன் விருப்பப்படி மொழிபெயர்த்து உதவுங்கள். முதல் ஆலோசகர் அவனுக்குப் பொருந்தவில்லை என்றால், "இன்னொருவரைப் பார்க்கலாம்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். மனச்சோர்வுக்கு மருந்து தந்தால், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதையும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்பதையும் நினைவூட்டுங்கள்.

சட்டத்தைப் பற்றிய அச்சம்

"மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமே" என்று அஞ்சி, உயிருக்குப் போராடுபவனை அறையிலேயே வைத்து மறைப்போர் உண்டு. இந்த அச்சம் பழைய சட்டத்தின் நிழல். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 309-ஆம் பிரிவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115-ஆம் பிரிவில், முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அரசு ஊழியரைத் தம் கடமையில் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ செய்யும் முயற்சி பற்றிய தனிப் பிரிவு ஒன்று மட்டுமே உண்டு. ஆகவே துயரத்தால் முயன்ற மாணவன் குற்றவாளி அல்லன், நோயாளி. மருத்துவரிடம் சொன்னதை இரகசியமாகக் காக்க வேண்டும் என்பதும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமையே; உயிர் காத்தல் போன்ற சில நிலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

திரும்பி வந்த தோழன்

மருத்துவமனையிலிருந்து திரும்பும் தோழனை எப்படி வரவேற்பது? பலரும் என்ன பேசுவதென்று தெரியாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். அந்த முதற்சில வாரங்களே மிகவும் கவனம் வேண்டிய காலம்.

அமெரிக்க மருத்துவர் ஜெரோம் மோட்டோ சான் பிரான்சிஸ்கோவில் ஓர் எளிய ஆய்வு செய்தார். மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் இருந்து வெளிவந்த பின் மேற்சிகிச்சையை ஏற்காத 843 பேரை இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்கு மட்டும் ஐந்தாண்டுக் காலம் அவ்வப்போது சிறு கடிதம் சென்றது. நலம் விசாரிக்கும் இரண்டொரு வரிகள். அறிவுரை இல்லை, நிபந்தனை இல்லை. கடிதம் பெற்றவர்களிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலைச் சாவு குறைவாக இருந்தது என்று 2001-இல் வெளியான கட்டுரை காட்டுகிறது. அஞ்சல் தலை ஒட்டிய சிறு கடிதம் இவ்வளவு செய்யும் என்றால், அடுத்த அறையில் இருக்கும் நாம் எவ்வளவு செய்யலாம்! "டீ குடிக்கப் போறோம், வர்றியா?" என்ற அழைப்பு போதும். வந்தால் மகிழ்ச்சி; வராவிட்டால் நாளையும் அழையுங்கள்.

இலண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார் 1953-இல் துயருற்றோர்க்கென ஒரு தொலைபேசியை வைத்தார். வந்தவர்கள் அவரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரத்தில், உதவிக்கு வந்திருந்த சாதாரண மக்கள் தேநீர் கொடுத்து உட்கார்ந்து கேட்டனர். கேட்டதனாலேயே பலருக்கு மனம் தெளிந்ததைக் கண்டு, அடுத்த ஆண்டே அவர் கேட்கும் பணியை அவர்களிடம் ஒப்படைத்தார். 'சமாரிட்டன்ஸ்' இயக்கம் இவ்வாறு வளர்ந்தது. பட்டம் பெற்றவர் மட்டுமே செய்யக்கூடிய பகுதியும் உண்டு. செவியும் பொறுமையும் உள்ள யாரும் செய்யக்கூடிய பகுதியும் உண்டு.

இதைப் படிப்பவர் நீங்களே என்றால்

இக்கட்டுரையைப் படித்துக்கொண்டே, 'இது என்னைப் பற்றி அல்லவா எழுதியிருக்கிறது?' என்று உங்களுள் ஒருவர் எண்ணக்கூடும். அவருக்குச் சில சொற்கள்.

உங்கள் வலி பொய்யன்று. அது சோம்பலும் அன்று, கோழைத்தனமும் அன்று. இந்த வலி இருக்கும்போது, இதுவே என்றும் நிலைக்கும் என்று தோன்றும். அப்படித் தோன்றச் செய்வது அந்நோயின் இயல்பு. இன்று இரவு எந்த முடிவும் எடுக்க வேண்டா. தனியே இருந்தால் எழுந்து சென்று ஒரு கதவைத் தட்டுங்கள். என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், இப்பக்கத்தைக் காட்டுங்கள், அது போதும். யாரையும் எழுப்பத் தயக்கமாக இருந்தால் 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசுங்கள். பாரமாகிவிட்டோம் என்று எண்ணாதீர்கள். நம்மில் யாரும் நள்ளிரவில் எழுப்பப்பட்டதற்காக வருந்தமாட்டோம்.

தேர்வைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பொதுத்தேர்வில் தவறியவர் ஓராண்டு காத்திராமல் அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுத வழி செய்திருக்கிறார்கள். நம் பல்கலைக்கழகத்திலும் மறுதேர்வு, பாடமாற்றம், மருத்துவ விடுப்பு ஆகியவற்றுக்கு விதிகள் உள்ளன. ஒரு பருவம் பிந்தினால் வாழ்வு பிந்திவிடாது.

நம் சங்கம் செய்யத்தக்கவை

ஒன்று: புதிதாக வரும் ஒவ்வொரு தமிழ் மாணவருக்கும் மூத்த மாணவர் ஒருவரைத் துணையாக்குதல், முதல் பருவம் முடியும்வரை வாரம் ஒருமுறையேனும் நேரில் காணுதல். இரண்டு: தேர்வு முடிவு வரும் வாரத்தில் சங்க அறையை இரவிலும் திறந்து வைத்தல். மூன்று: ஆண்டுதோறும் செப்டம்பர் 10, உலகத் தற்கொலைத் தடுப்பு நாளன்று, ஆலோசகர் ஒருவரை அழைத்து அறிகுறிகளையும் கேட்கும் முறையையும் பயிலுதல். நான்கு: துயர நிகழ்ச்சி ஏதேனும் நேர்ந்துவிட்டால், முறையை விவரித்தும் படம் பரப்பியும் வாட்சாப்பில் செய்தி அனுப்புவதில்லை என்று உறுதி கொள்ளுதல், அத்தகைய செய்தி, விளிம்பில் நிற்கும் இன்னொருவரைத் தள்ளிவிடக்கூடும்.

விழாவும் பட்டிமன்றமும் நடத்துவதற்கு மட்டும் அன்று நாம் சங்கம் வைத்திருப்பது. தாயும் தந்தையும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் இவ்வூரில், ஒருவர்க்கொருவர் வீட்டார் ஆவதற்காகவே சங்கம். இன்று மாலை மெஸ்ஸுக்குச் செல்லும்போது சுற்றிலும் பாருங்கள். யாரேனும் சில நாட்களாக வரவில்லையெனில், தட்டைக் கையில் எடுப்பதற்கு முன் அவர் அறைக் கதவைத் தட்டுங்கள்.